துப்பிவிட்டு எழுதிய தீர்ப்பு

சுவை அறைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு,

சன்னலுக்குக் கீழே இருக்கும் எனாமல் வாளியைப் பற்றி உங்களில் ஒருவர் விசாரித்ததாகக் கேள்விப்பட்டேன். பியரை ருசிப்பவர் விழுங்கித்தான் ஆகவேண்டும் என்று முதல் நாளே சொல்லித்தருகிறார்கள், அப்படியிருக்கத் துப்புவதற்கு ஒரு வாளி எதற்கு என்று கேட்டாராம். சரியான கேள்வி. அந்த வாளியை அங்கே கொண்டுவந்து வைத்தவள் நான்.

அதற்கு மேலே சுவரில் ஒட்டியிருக்கும் தாளையும் பார்த்திருப்பீர்கள். 'விழுங்குக. இரண்டாவது கிளாஸை முடித்த பின்னரே எழுதுக' என்பது அதன் முதல் வரி. அந்த விதியை ஏற்படுத்தியவள் நான் என்று உங்களிடம் சொல்லியிருப்பார்கள். நான் ஓய்வுபெற்ற அன்று நடந்த கூட்டத்திலும் அப்படித்தான் சொன்னார்கள். கழுத்தில் மாலையோடு நின்று, மறுக்காமல் கேட்டுக்கொண்டிருந்தேன். அந்த விதி என்னுடையதல்ல. அதை முதலில் சொன்ன மனிதர் வேலையை இழந்தார். அவர் இழந்ததில் என் பங்கு பெரிது. உங்கள் கையெழுத்துக்கும் இனி ஒரு நிறை உண்டு என்பதால் இதை எழுதுகிறேன்.

இந்தத் தொழிலுக்கு வருமுன் இருபத்தாறு ஆண்டுகள் ஹட்டன் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்காகத் தேநீர் ருசித்துவந்தேன். நீண்ட மேசையில் வெள்ளைக் கோப்பைகள் வரிசையாக இருக்கும். கரண்டியில் எடுத்து, சத்தம் வர உறிஞ்சி, நாக்கெங்கும் படரவிட்டு, வாளிக்குள் துப்பிவிட்டு அடுத்த கோப்பைக்கு நகர்வோம். யாரும் விழுங்குவதில்லை. ஒரு காலையில் நூற்றுக்கணக்கான கோப்பைகள் வரும் இடத்தில் விழுங்கினால் வயிறும் தாங்காது, நாக்கும் மரத்துப்போகும். மலை உயரத்தில் விளையும் தேநீரின் தரத்தைச் சொல்ல உறிஞ்சித் துப்புவதே போதும். நல்ல தேநீர் நாக்கின் ஓரங்களை ஒரு குத்துக் குத்திவிட்டு உடனே விலகிக்கொள்ளும். அந்த ஒரு கணத்தில் எல்லாம் தெரிந்துவிடும். அந்தக் கணத்தைப் பிடிப்பதில் எனக்குப் பெயர் இருந்தது.

துப்புவதற்கு எனக்கு வேறொரு காரணமும் இருந்தது. எங்கள் தோட்டத்துச் சபையில் பன்னிரண்டு வயதாகும் பிள்ளைகள் மதுவை அருந்துவதில்லை என்று ஓர் அட்டையில் கையெழுத்திடுவது வழக்கம். பையன்களின் அட்டைகள் பெரும்பாலும் சில ஆண்டுகளில் காணாமற்போகும். சம்பள நாட்களில் லயத்தில், தொழிலாளர்களின் அந்த வரிசை வீடுகளில், எந்தக் கதவு எப்போது சாத்தப்படும் என்று தெரிந்து வளர்ந்த பெண் பிள்ளைகள் அதைப் பத்திரமாக வைத்திருந்தோம். என்னுடையது என் வேதாகமத்துக்குள் இருந்தது.

நான் பணியாற்றிய நிறுவனம் மூடப்பட்டபோது எனக்கு ஐம்பது கடந்திருந்தது. அந்த ஆண்டுதான் கொழும்பிலிருந்து ஒருவர் வந்து நுவரெலியாவில் இந்தச் சிறிய பியர் தொழிற்சாலையைத் தொடங்கினார். அவரை எல்லோரும் டைரக்டர் என்றே சொல்வோம். நல்ல மனிதர், அவசரக்காரர். பெரிய நிறுவனங்கள் செய்யும் இலேசான லாகருக்குப் பதிலாக, ஹாப் என்ற கொடியின் பூவை நிறையச் சேர்த்து, வாசமும் கசப்பும் மிகுந்த ஏல் வகைப் பியரைச் செய்ய விரும்பினார். ஒரு பயிற்சிபெற்ற நாக்கு அவருக்குத் தேவைப்பட்டது.

"சேர், நான் விழுங்கமாட்டேன்," என்றேன். "அதுக்குச் சம்மதம்னா வர்றேன்."

"டீ டேஸ்டர் யாரு மிஸ் விழுங்குறது? எனக்கு வேணும்கிறது உங்க நாக்குதானே," என்றார்.

இருவரும் சிரித்தோம். போத்தலின் பின்பக்கத்தில் 'மலைநாட்டுத் தேநீர்ச் சுவைஞரின் நாவில் தேறியது' என்று அச்சிட முடிவுசெய்தார். எனக்கு அது பிடித்திருந்தது என்பதை மறைக்கவேண்டியதில்லை.

சபையின் பெண்கள் ஐக்கியத்தில்தான் கொஞ்சம் பதில் சொல்லவேண்டியிருந்தது.

"பியர் பெக்டரிக்கா போறீங்க அக்கா?" என்று கேட்டாள் ஒருத்தி.

"ருசி பாக்கத்தான். வாயில வச்சுத் துப்பிருவேன்."

"துப்புறதுக்கு மாசச் சம்பளமா? எங்க வீட்டுக்காரரு வருசம் முழுக்கச் சும்மாவே துப்புறாரே, அவருக்கும் ஒரு எடம் பாத்துச் சொல்லுங்க."

இனிப் பேசவேண்டியவரைப் பற்றிப் பேசுகிறேன். பியர் காய்ச்சுபவரை நாங்கள் புரூவர் என்று அழைப்போம். எங்கள் முதல் புரூவர் மஸ்கெலியாக்காரர். தேயிலைத் தொழிற்சாலையில் வேலைசெய்த ஒருவரின் மகன். வெளிநாட்டில் ஒரு சிறிய பியர் தொழிற்சாலையில் தொட்டி கழுவுபவராகச் சேர்ந்து, எட்டு ஆண்டுகளில் காய்ச்சுபவராக உயர்ந்தவர். டைரக்டரின் பேச்சை நம்பி அந்த வேலையை விட்டு மனைவியோடும் மகளோடும் ஊர் திரும்பியிருந்தார். நுவரெலியாவில் வாடகை வீடு எடுத்து, மகளை நகரத்துப் பாடசாலையில் சேர்த்திருந்தார். எங்கள் எல்லோரையும்விட அந்த ஏல் வெற்றிபெற வேண்டிய தேவை அவருக்கே அதிகம். பெயரை எழுதாமல் விடுகிறேன். அவருடைய பெயரோடு போதுமான அளவு விளையாடியாகிவிட்டது.

குறைவாகப் பேசுவார். ஹாப் மூட்டையை முதன்முதலில் பிரித்த அன்று உள்ளங்கையில் கொஞ்சம் வைத்துக் கசக்கி என்னிடம் நீட்டினார்.

"மோந்து பாருங்க மிஸ். என்ன தெரியுது?"

"தோடம்பழத் தோல். அப்புறம் கொழுந்து வாட்டுற மாடியில விடியக்காலம் வர்ற பச்ச வாசம்."

"சரியாச் சொல்லிட்டீங்க. அங்க எட்டு வருசமும் இந்த மூட்டயப் பிரிக்கிறப்பல்லாம் எனக்கு எங்கப்பா சட்டயில இருக்குற வாசம்தான்," என்றார். அதற்குப் பிறகு நாங்கள் நண்பர்களாக இருந்தோம்.

முதல் ஏல் ருசிக்கத் தயாரான நாளில் அறையில் மூவர் இருந்தோம். நான் வழக்கம்போல் உறிஞ்சினேன். வாசம் எழுந்தது, கசப்பு நாக்கில் குத்தியது, வாளிக்குள் துப்பினேன், வாய் தெளிந்தது. உயர்ந்த தேநீருக்கு எழுதுவதைப் போலவே எழுதினேன்: 'தெளிந்த கசப்பு. நாவில் தங்கவில்லை. அனுப்பலாம்.'

புரூவர் தம் கிளாஸை முழுவதும் குடித்தார். மீண்டும் ஒன்றை ஊற்றிக்கொண்டார். அதில் பாதியில் நிறுத்தி, கிளாஸை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபடி நின்றார்.

"மொத கிளாஸ் நல்லாத்தான் இருக்கு, சேர். ரெண்டாவதுதான் எனக்கு யோசனையா இருக்கு. ஹாப்ல மூணுல ஒரு பங்கு கொறச்சு இன்னொரு தடவ காய்ச்சுவோமா?"

டைரக்டர் என்னைப் பார்த்தார்.

வாசிக்கும் பழக்கமுள்ளவர்களுக்கு ஓர் ஆபத்து உண்டு. வாசித்ததை ருசித்ததாகவே எண்ணிக்கொள்வோம். ஹாப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் அந்தச் சில மாதங்களில் படித்திருந்தேன். கசப்புக்கு அஞ்சாத நாடுகளைப் பற்றியும், நாக்குகள் பழகிய விதம் பற்றியும் நன்றாகவே பேசினேன். கசப்பைக் குறைத்தால் இது இன்னொரு லாகர் ஆகிவிடும் என்றேன். நாக்கில் தங்காத கசப்பு ஒரு குறையே அல்ல என்றேன்.

"இருபத்தாறு வருசத்து நாக்கு," என்றார் டைரக்டர் புரூவரிடம். "இப்பிடியே சந்தைக்கு விட்டுடுவோம்."

அவர் வாதிடவில்லை. "மிஸ், நீங்க ஒரு கிளாஸ் முழுங்கிப் பாத்தா நல்லம்," என்று மட்டும் மெல்லச் சொன்னார்.

"அது என்னால ஏலாதுன்னு உங்களுக்குத் தெரியுமே," என்றேன். என் குரலில் இருந்த பெருமை இப்போதும் என் காதில் விழுகிறது.

ஏல் சந்தைக்குப் போனது ஏப்ரல் மாதத்தில். நுவரெலியா நிறைய விடுமுறைக்கு வந்த வெளியூர்க்காரர்கள். போத்தலோடு கருத்துச் சீட்டுகளும் கொடுத்திருந்தோம்; மூன்று மொழிகளிலும் பதில் வந்தது. கொழும்புக்காரர்கள் புகழ்ந்தார்கள். இப்படி ஒன்று இந்த நாட்டில் கிடைப்பதே அதிசயம் என்றார்கள், ஏரிக்கரையில் கிளாஸைத் தூக்கிப் படம் எடுத்தார்கள். ஒரு தோட்டத்தின் டீமேக்கர், தேயிலைத் தொழிற்சாலையில் முப்பது ஆண்டு இருந்த தமக்கு இந்த வாசம் வீட்டுக்கு வந்தது போலிருக்கிறது என்று அழகான கையெழுத்தில் எழுதியிருந்தார். அதே வாரத்தில் ஹட்டனிலிருந்தும் ராகலையிலிருந்தும் வந்த சீட்டுகள் வேறு மாதிரி இருந்தன. 'கசாயம்' என்று ஒரே சொல்லோடு ஒன்று. 'சளி பிடித்தால் வாங்குவேன்' என்று ஒன்று. 'மொத ரவுண்டு ராசா, ரெண்டாவது ரவுண்டு வைத்தியர்' என்று ஒன்று. அதைப் படித்து அலுவலகமே சிரித்தது.

அந்த மூன்றாவது சீட்டில் எல்லாம் இருந்தது. புகழ்ந்தவர்கள் ஒரு கிளாஸ் குடித்துவிட்டு எழுந்து போனவர்கள். திட்டியவர்கள் வேலை முடிந்து உட்கார்ந்து இரண்டும் மூன்றும் குடிப்பவர்கள். நான் அப்படி வாசிக்கவில்லை. ஊரைக் கொண்டு வாசித்தேன், உத்தியோகத்தைக் கொண்டு வாசித்தேன். 'பழக்கமில்லாத நாக்குகள், காலம் கொடுக்கவேண்டும்' என்று அறிக்கை எழுதினேன். லயத்தில் பிறந்தவள்தான் அதை எழுதினேன் என்பதை நீங்கள் நினைவில் வைத்துக்கொள்ளவேண்டும். என் சனத்தின் நாக்கை நம்பாமல், விடுமுறைக்கு வந்தவர்களின் நாக்கை நம்பினேன்.

ஜூன் மாதத்தில் விலைபோகாத போத்தல்கள் திரும்பிவரத் தொடங்கின. நேரில் பார்த்துவரலாம் என்று புரூவர் அழைத்தார். ஒரு சனிக்கிழமை பிற்பகல் ஹட்டனில் ஒரு மதுச்சாலைக்குப் போனோம். அதன் முகாமையாளர் என்னைத் தம் மேசைக்குப் பின்னால், தடுப்பின் ஓரத்தில் உட்காரவைத்தார். அங்கிருந்து கூடம் முழுவதும் தெரிந்தது.

பக்கத்து மேசையில் ராகலையிலிருந்து லீக்ஸும் கரட்டும் கொண்டுவந்து விற்கும் வியாபாரி ஒருவர் இருந்தார். வயது அறுபதிருக்கும். முன்னால் எங்கள் ஏல். நாங்கள் யாரென்று முகாமையாளர் சொன்னதும் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டார்.

"அட, கசாயக் கம்பெனியா? வாங்க வாங்க. யாரு காய்ச்சுறது, தம்பியா?"

"நான்தாங்க," என்றார் புரூவர்.

"கோவிக்காதீங்க. மொத கிளாஸ் தோடம்பழத் தோலு வாசம். ஆகா, பரவால்லையே நம்ம ஊருப் பியருன்னு நெனச்சேன். ரெண்டாவது பாதி போறப்ப அடித்தொண்டையில வேப்பெண்ண பூசின மாதிரி. எத சாப்புட்டாலும் போகல. நேத்து ராத்திரி குடிச்சது, காலயில ரொட்டியும் கசந்துச்சு."

"பழகினாச் சரியாயிரும்," என்றேன் நான்.

அவர் என்னை மரியாதையோடு பார்த்தார். "நீங்கதான் போத்தல்ல எழுதியிருக்க டீ டேஸ்டரா? நீங்க எத்தன கிளாஸ் குடிப்பீங்க மிஸ்?"

 முகாமையாளர்தான் இடையில் வந்தார்.

"மிஸ், நான் ஒண்ணு காட்டுறேன். அந்த மேசயெல்லாம் பாருங்க. ஒங்க பியருல மொத கிளாஸ் ஒண்ணுலயும் மிச்சம் இல்ல. ரெண்டாவது கிளாஸ் எல்லாம் எந்த மட்டத்துல நிக்குதுன்னு பாருங்க."

பார்த்தேன். கூடத்தில் அங்கங்கே நான்கைந்து கிளாஸ்கள் கைவிடப்பட்டு நின்றன. எல்லாவற்றிலும் பியர் கிட்டத்தட்ட ஒரே மட்டத்தில் இருந்தது. பாதிக்குச் சற்றுக் கீழே. முதல் நாள் சுவை அறையில் புரூவர் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த கிளாஸிலும் அதே மட்டம்தான் இருந்தது. அந்த நிமிடத்தில் எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. நான் துப்பிய இடத்துக்குப் பின்னால்தான் அந்தக் கசப்பு தொடங்குகிறது. அது தொண்டையில் தங்குகிறது, அடுத்த மிடறு அதைக் கழுவாமல் அதன் மேலேயே படிகிறது. என் தொழில் எனக்குக் கற்றுத்தந்த முறையால் அதை அறியவே வழியில்லை.

கம்பெனி வேனில் திரும்பினோம். தலவாக்கலை தாண்டிய பிறகு புரூவர் சொன்னார்.

"மிஸ், ஒரே ஒரு தடவ முழுங்கிப் பாருங்க. அப்புறம் நீங்க என்ன எழுதுனாலும் சரி."

"நான் கையெழுத்துப் போட்டவ, தம்பி."

"சரிங்க மிஸ்." அவர் மறுபக்கம் திரும்பி மூடுபனியைப் பார்த்துக்கொண்டு வந்தார். பன்னிரண்டு வயதில் போட்ட கையெழுத்தைச் சொல்வதாக நினைத்திருப்பார். அது மட்டுமென்று எனக்கே உறுதியில்லை. 'அனுப்பலாம்' என்பதன் கீழேயும் நான் கையெழுத்திட்டிருந்தேன்.

அடுத்த வியாழக்கிழமை டைரக்டர் கூட்டம் வைத்தார். மேல்மாடி அறை, தகரக் கூரையில் மழை. விநியோகம் செய்பவர்கள் ஒப்பந்தத்தை நிறுத்தப்போவதாக எழுதியிருந்தார்கள். டைரக்டர் கோபமாக இருக்கவில்லை, பயந்திருந்தார். பயந்த மனிதருக்கு ஒரு காரணம் உடனே வேண்டும். இதை உங்கள் பணிக்காலத்தில் பலமுறை பார்ப்பீர்கள்.

"ரெசிப்பி உங்களோடதுதானே?" என்று புரூவரிடம் கேட்டார்.

"ஆமா சேர்."

"மிஸ் ருசி பாத்தப்போ கசப்பு தங்கலன்னு எழுதியிருக்காங்க. ஆனா சனம் தொண்டையில நிக்குதுங்குது. அப்போ அதுக்கப்புறம் காய்ச்சினதுல ஏதும் மாறிப்போச்சா?" என்றவர் என் பக்கம் திரும்பினார். "மிஸ், நீங்க சொல்லுங்க. உங்க நாக்கு பிழை விடாதுன்னு எனக்குத் தெரியும்."

எனக்கு முன்னால் இரண்டு பதில்கள் இருந்தன. 'பிழை என்னுடையது, குறைக்கச் சொன்னவர் அவர்' என்பது ஒன்று. அதைச் சொல்ல வாயைத் திறந்தேன். வந்தது மற்றது.

"நான் ருசி பாத்தப்ப சரியாத்தான் இருந்திச்சு, சேர்."

அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. நான் ருசித்தபோது, நான் ருசித்த விதத்தில், அது சரியாகத்தான் இருந்தது. அந்த வாக்கியத்தைக் கேட்ட எவரும் பிழை பிறகு நேர்ந்தது என்றுதான் புரிந்துகொள்வார்கள் என்பதும் எனக்குத் தெரிந்திருந்தது. பொய் சொல்லத் துணியாதவர்களுக்கு இப்படி ஒரு வசதி இருக்கிறது. அதைப் பயன்படுத்துவதற்கு ஒரு கெட்ட மனிதராக இருக்கவேண்டிய அவசியமும் இல்லை. கவனமாகப் பேசப் பழகியிருந்தால் போதும்.

புரூவர் என்னைப் பார்த்தார். அவர் ஒரே வாக்கியத்தில் என்னை மறுத்திருக்கலாம். மூவர் இருந்த சுவை அறையில் நடந்ததை டைரக்டருக்கு நினைவூட்டியிருக்கலாம். அது ஏதோ ஒன்றுக்காகக் காத்திருப்பவரின் பார்வை.  பிறகு அவர் கண்களைத் தாழ்த்திக்கொண்டார். மாத முடிவோடு விலகிக்கொள்ளும்படி அவரிடம் சொல்லப்பட்டது.

நான்கு நாட்கள் எடுத்துக்கொண்டேன். ஞாயிறு நடுவில் வந்தது. ஆராதனைக்குப் போனேன், பாடினேன். திங்கட்கிழமை பிற்பகல் சுவை அறைக் கதவைச் சாத்திவிட்டு எங்கள் ஏலை ஒரு கிளாஸில் ஊற்றி உட்கார்ந்து குடித்தேன். ஐம்பத்து மூன்று வயதில் அதுதான் என் முதல் மிடறு. வாசம் அருமை. கசப்பு சற்றுப் பிந்தி வந்தது, வந்து அமர்ந்தது. இரண்டாவதை ஊற்றினேன். பாதிக்குச் சற்றுக் கீழே என் கை தானாகவே கிளாஸை மேசையில் வைத்தது. அந்த மட்டத்தை எனக்கு ஏற்கெனவே தெரியும். மறுநாள் காலையில் இடியப்பமும் சம்பலும் கசந்தன.

அந்தக் கசப்போடு டைரக்டரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். குறைக்கச் சொன்னவர் புரூவர், தடுத்தவள் நான், ருசித்த முறையே பிழை என்றேன். பொறுமையாகக் கேட்டார்.

"நேத்தே கடிதம் குடுத்துட்டாரு மிஸ். வீட்டையும் விடுறதாச் சொல்லிட்டாரு."

"கூப்புடுங்க சேர். நான் பேசுறேன்."

"கூப்புட்டா நான் என்னன்னு சொல்றது? போத்தல்ல யாரு பேரச் சொல்லி விக்கிறோம்? உங்க நாக்குதான் பிழைன்னு வெளிய போனா எல்லா லேபிளையும் கிழிக்கணும்." சற்று நேரம் பேனாவை உருட்டிக்கொண்டிருந்தார். "எவ்வளவு கொறைக்கணும்னு சொன்னாரு?"

"மூணுல ஒரு பங்கு."

"செஞ்சு பாப்போம்."

நான் அறையை விட்டு வெளியே வந்தேன். இரண்டாவது முறையும் மௌனமானேன் என்று அதற்குப் பொருள். புதிய புரூவர் வந்தார், மூன்றில் ஒரு பங்கு குறைக்கப்பட்டது. இன்று நீங்கள் ருசிக்கும் ஏல் அதுதான். கொழும்புக்காரர்கள் புகழ்வதை நிறுத்தவில்லை. ராகலை வியாபாரி இரண்டு கிளாஸை முடித்து, 'இப்பத்தான் மிஸ்ஸுக்கு நாக்கு வந்திருக்கு' என்று சீட்டில் எழுதி அனுப்பினார். அலுவலகத்தில் அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டினார்கள். சுவை அறைச் சுவரில் அந்த விதியை என் கையாலேயே எழுதி ஒட்டினேன். யார் சொன்னது என்று எழுதவில்லை. காலப்போக்கில் அது என்னுடையதாகிவிட்டது. ஒன்பது ஆண்டுகள் அதன் கீழே உட்கார்ந்து விழுங்கி வேலைசெய்தேன். சபையில் இன்றுவரை யாருக்கும் தெரியாது, இனித் தெரியும்.

உங்களுக்கு என்ன சொல்வது? ருசிப்பதில் பிழைகள் வரும். ஒரு தொழிலில் தேர்ந்தவர்கள் இன்னொன்றுக்கு வரும்போது தங்கள் பழைய திறமையாலேயே பிழைவிடுவார்கள். அதற்காக நான் வெட்கப்படவில்லை. மேல்மாடி அறையில் கேள்வி உங்களை நோக்கித் திரும்பும்போது, சொல்லப்போகும் வாக்கியம் உண்மையா என்று மட்டும் பார்க்காதீர்கள். அதைக் கேட்டு அறையில் இருப்பவர்கள் யாரைப் பார்ப்பார்கள் என்றும் பாருங்கள். இதை நான் எங்கும் படித்ததில்லை.

அவரைப் பார்க்க ஒருமுறை போனேன். அவர் விலகிப்போய் ஓராண்டு ஆகியிருந்தது. ஹட்டனிலிருந்து மஸ்கெலியா பஸ்ஸில் இறங்கி, நீர்த்தேக்கத்தை ஒட்டிய பாதையில் நடந்தேன். கொழும்பில் இரண்டு இடங்களில் வேலை கேட்டிருக்கிறார். கசப்பைக் கூட்டிக் கம்பெனியைக் கவிழ்த்தவர் என்ற பேச்சு அவருக்கு முன்னாலேயே அங்கு போய்ச் சேர்ந்திருந்தது. தகப்பன் வேலைசெய்த அதே தேயிலைத் தொழிற்சாலையில் இரவு முறைக்குப் போய்வந்துகொண்டிருந்தார். மகளைத் தோட்டத்துக்குப் பக்கத்துப் பாடசாலைக்கு மாற்றியிருந்தார். நான் போன நேரம் மனைவியும் மகளும் வீட்டில் இல்லை.

"வாங்க மிஸ். இம்புட்டுத் தூரம் பஸ்ஸுலயா வந்தீங்க?"

உட்கார்ந்தேன். சுற்றிவளைக்கத் தெரியவில்லை.

"நான் டைரக்டர்கிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன், தம்பி. பிந்தித்தான் சொன்னேன்."

"கேள்விப்பட்டேன் மிஸ்."

"அன்னைக்கு நீங்க ஏன் ஒண்ணும் சொல்லல? ஒரு வார்த்த சொல்லியிருந்தா என்னால மறுத்திருக்க ஏலாதே."

"நீங்க சொல்லுவீங்கன்னு இருந்தேன்," என்றார். குற்றம் சொல்லும் குரல் இல்லை. பஸ் வருமென்று நின்றேன் என்று சொல்வதைப் போலச் சொன்னார்.

பிறகு எழுந்து உள்ளே போய் அவரே பால் சேர்க்காத பிளேன்டீ ஊற்றிக் கொண்டுவந்தார். கையில் வாங்கியதும் பழக்கதோஷத்தால் சத்தம் வர உறிஞ்சிவிட்டேன். அவர் சிரித்தார். ஓராண்டுக்குப் பிறகு கேட்ட சிரிப்பு.

"துப்புறதுக்கு இங்க வாளி இல்ல மிஸ்."

விழுங்கினேன்.

"எப்பிடி இருக்கு? உள்ளதச் சொல்லுங்க."

"கசக்குது."

அவர் தம் கோப்பையிலிருந்து ஒரு மிடறு குடித்தார். இன்னொரு மிடறும் குடித்தார். தலையை ஆட்டினார்.

"ஆமா. தேயிலய அளவுக்கு மேல போட்டுட்டேன். என் பிழதான்."

என் கையிலிருந்த கோப்பையை வாங்கி இரண்டையும் வாசலில் ஊற்றிவிட்டு, கேத்தலை மறுபடியும் அடுப்பில் வைத்தார். 'என் பிழை' என்று சொல்வதற்கு அவருக்கு ஒரு மூச்சுகூடத் தேவைப்படவில்லை.